கண்ட நிலையில் காக்கப்படும் சத்தம்

சத்தம் போட்ட குற்றத்துக்காகச் சைலன்சர்காரரின் கடை ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு மூடப்பட்டது. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் முப்பத்தைந்து வருடம் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்தே போயிற்று. லாரியோ வேனோ காரோ, எது வந்தாலும் அதன் புகைக்குழாயில் விழுந்த ஓட்டையை அடைத்து, சத்தத்தை அடக்கி அனுப்புவதுதான் தொழில். அந்தச் சாலையில் போகிற வண்டிகளில் பாதி பதவிசாகப் போவது அவர் கைவேலையால்தான். இதை அவர் பிற்பாடு ஒலிக் கட்டுப்பாட்டு வாரியத்தில் சொல்லியும் பார்த்தார். நற்செயல்களைத் தெரிவிக்கத் தனிப் படிவம் உண்டு என்றும், அது அச்சில் இருக்கிறது என்றும் பதில் கிடைத்தது.

காரணமான வண்டி ஒரு பல் டாக்டருடையது. பந்தயக் காருக்குச் சித்தப்பா மகன் முறை ஆகிற மாதிரி தாழ்வான, அகலமான, சாம்பல் நிற வண்டி. டாக்டரோ, நோயாளிக்கு ஊசி போடும்போது தானும் கண்ணை மூடிக்கொள்கிற சாது. அவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். பெட்டிக்குள் இரும்பில் ஒரு கிளைக்குழாய், அதன் வாயில் தட்டு போல ஒரு மூடி, மூடியைத் திறந்து மூட ஒரு சின்ன மோட்டார், ஸ்டியரிங் பக்கத்தில் வைக்க ஒரு பொத்தான்.

கடைவீதியில் இதற்குக் கட்-அவுட் என்று பெயர். இன்ஜினிலிருந்து வரும் புகை சைலன்சருக்குள் போகும் முன்பே குழாயை அறுத்து ஒரு கிளை வைப்பது. பொத்தானை அழுத்தினால் மூடி திறந்து, புகை கிளை வழியாக நேரே வெளியே பாயும். வண்டி கர்ஜிக்கும். இன்னொரு தடவை அழுத்தினால் மூடிக்கொள்ளும். வண்டி மறுபடி பூனை.

“ஊருக்கு வெளியே பந்தயத் தளம் இருக்கில்லையா, அங்க மட்டும்தான்,” என்றார் டாக்டர், திருட்டுத்தனமாக மிட்டாய் கேட்கிறவர் போல. “வாரம் பூரா அடுத்தவங்களை வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் இது வாயைத் திறக்கட்டுமே.”

சைலன்சர்காரருக்கு இந்த மாதிரி வேலையில் மரியாதை கிடையாது. சத்தத்தை அடைக்கிறவனிடம் வந்து சத்தம் கேட்கிறார்களே என்று அலுப்பு. ஆனாலும் கையில் வாங்கியதும் வேலை வேலைதான். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, குழாயை அளந்து அறுத்து, கிளையைப் பொருத்தி, சுற்றிலும் வெல்டு வைத்தார். மூன்றாம் நாள் காலை, மூடி சரியாக உட்கார்கிறதா என்று பார்க்க, கடை வாசலில் வண்டியைக் கிளப்பி ஒரே ஒரு முறை திறந்து பார்த்தார்.

அந்த ஒரு முறையில், ரப்பர் அடிபோட்ட காலணியோடு ஒலிக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வாளர் அங்கே நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது. சத்தமில்லாமல் வருவது அவர்கள் பணி விதிகளில் ஒன்று.

இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆய்வாளர் குனிந்து பார்த்தார். “இது யார் செய்த வேலை?”

முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. எவ்வளவு ஆகும், எப்போது கிடைக்கும், போன தடவை வைத்தது ஏன் விட்டுப்போச்சு, இவ்வளவுதான் கேட்பார்கள். சைலன்சர்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டி போட்டார்.

“நான்தான் சார். இங்க பாருங்க. சுத்திவர ஒரே இழுப்பு. எங்கயும் நிறுத்தி ஆரம்பிச்ச தடம் தெரியுதா? தெரியாது. ஊசி நுழையாது சார் இதுல.”

ஆய்வாளரும் மண்டி போட்டு ஆர்வமாகப் பார்த்தார். “இந்த வளைவுல எப்படிக் கை போச்சு?” என்று கேட்டார். சைலன்சர்காரர் விளக்கினார். ஆய்வாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, எழுதியதைப் படித்துக் காட்டினார்.

“எதிர்மனுதாரர் தாமே முன்வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு, அதில் பெருமிதமும் தெரிவித்தார்.”

அடுத்த கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆய்வாளர் வண்டிக்கு அடியில் கம்பியை விட்டு, திறந்திருந்த மூடியைத் திறந்தபடியே கட்டி, ஈயக் குண்டு வைத்து நசுக்கி முத்திரையிட்டார்.

“மூடிட்டு முத்திரை வைங்க சார்,” என்றார் டாக்டர். “திறந்து கிடந்தா சத்தம் வந்துக்கிட்டே இருக்குமே.”

“சான்றைக் கண்ட நிலையில் காக்கணும். விதி நாலு,” என்றார் ஆய்வாளர். “மூடிட்டா அப்புறம் குற்றம் எங்க இருக்கும்? எங்க போய்த் தேடுவோம்?”

பிறகு அவர் கடையின் ஷட்டரை இறக்கச் சொல்லி, அதன் பூட்டுக்கு மேலும் ஒரு கம்பி, ஒரு ஈயக் குண்டு வைத்தார். வெல்டிங் செட்டும், கிரைண்டரும், மதியச் சாப்பாட்டு டப்பாவும் உள்ளே இருந்தன.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“யார் செஞ்சதுன்னு கேட்டா, யாரோன்னு சொல்ல வேண்டியதுதானே.”

“நான் செஞ்சதை யாரோ செஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?”

“அப்படிச் சொல்லாமத்தான் இப்ப சும்மா உக்காந்திருக்கீங்க. டப்பாவையும் கண்ட நிலையிலதான் காக்கிறாங்களா? உள்ள தயிர் இருக்கு.”

வாரியம் மூன்று மாடிக் கட்டிடம். வாசலிலிருந்து கழிப்பறை வரை ‘அமைதி’ என்று பலகைகள். உள்ளே யாரும் குரலில் பேசக் கூடாது, கிசுகிசுவென்று வெறும் காற்றில்தான் பேச வேண்டும். கட்டிடத்தின் பின்னால் ஒரு ஜெனரேட்டர் லாரி போல இரைந்துகொண்டிருந்தது. அது வாரியத்துக்குச் சொந்தமானது என்பதால் சத்தக் கணக்கில் வராது.

சைலன்சர்காரருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பாதி. முப்பத்தைந்து வருட கிரைண்டர் தின்றது போக மிச்சம். முதல் மாடியில் கோப்புகளைப் பார்க்கும் பெண் எழுத்தர் அவரிடம் உதட்டை அசைத்தார். வாரியத்துக்கு வந்துபோகிறவர்கள் அந்த அம்மாவுக்கு மெதுவம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“என்னம்மா?” என்றார் சைலன்சர்காரர்.

மெதுவம்மா பயந்துபோய் உதட்டில் விரலை வைத்து, மீண்டும் அசைத்தார்.

“கேக்கலைம்மா. கொஞ்சம் சத்தமா.”

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தமாகப் பேசும்படி அரசு ஊழியரைத் தூண்டியதற்காக ஒரு சீட்டு எழுதி அவர் கையில் கொடுத்தார்கள். அதற்கப்புறம் டாக்டரும் கூடவே வர வேண்டியதாயிற்று. மெதுவம்மா டாக்டரின் காதில் காற்றாகச் சொல்வார். டாக்டர் அவரை மாடிப்படிக்கு இழுத்துப்போய் வலது காதில் கத்துவார். பதிலை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே வருவார்.

இப்படித் தெரிந்துகொண்ட விவரம் இது. வண்டி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாரியத்தின் முற்றத்தில் ஆஜராக வேண்டும். இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து வரக் கூடாது. தன் இன்ஜினால் தானே ஓடி வர வேண்டும். மூடி திறந்த நிலையில் முத்திரையிடப்பட்டிருப்பதால் திறந்தபடியே வர வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு செவ்வாயும் காலை ஒன்பதரைக்கு, பல் டாக்டரின் கார் இடி மாதிரி முழங்கிக்கொண்டு ஊரைக் கடந்து வாரியத்துக்குப் போனது. பள்ளிக்கூடத்தில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். வழிநெடுக நாய்கள் ஓடின. டாக்டரின் மருத்துவமனையில் காத்திருக்கும் நோயாளிகள், தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டதுமே தாமாக வாயைத் திறந்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். வாரியத்தின் வாயிற்காவலர் தவறாமல் ஒரு புதிய நோட்டீஸ் எழுதி வைத்திருப்பார்: ‘வாரிய வளாகத்துக்குள் பேரொலியுடன் நுழைந்தமை.’

“நீங்கதானே இப்படியே வரச் சொன்னீங்க,” என்றார் டாக்டர் இரண்டாவது வாரம்.

“வரச் சொன்னது உள்ள இருக்கிறவங்க சார். நான் வாசல்,” என்றார் காவலர்.

நாலாவது வாரம் கோப்பு மெதுவம்மாவின் மேசையிலிருந்து பக்கத்து மேசைக்கு நகர வேண்டியிருந்தது. முத்திரை குத்தும்போது மேசை சத்தம் போடுகிறது என்று வாரியத்தில் ரப்பர் முத்திரைகளுக்கெல்லாம் துணி சுற்றி வைத்திருந்தார்கள். மெதுவம்மா முத்திரையை மையில் தொட்டுக் காகிதத்தில் மெல்ல ஒற்றினார். வெளிர் நீலத்தில் ஒரு கறை விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார். இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு முழம் தூரம். அதைக் கடக்க மூன்று வாரம் ஆனது.

இந்த நாட்களில் சைலன்சர்காரர் தன் கடைக்கு எதிரே, பஞ்சர் கடை வாசலில் போட்ட பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போகிற வண்டிகளைப் பார்க்கவில்லை, கேட்டார். கேட்கிற பாதிக் காதிலும் புகைக்குழாய்ச் சத்தம் மட்டும் தெளிவாக விழும். பால் வேன் இரண்டாவது தடவையாக வேறு யாரிடமோ வெல்டு வைத்து வந்திருந்தது. அவசர வெல்டு, மேட்டில் ஏறும்போது சீறியது. வண்டிக்காரன் ஒருத்தன் இரண்டு முறை வேறு கடைக்குப் போனால் மூன்றாம் முறை அதுதான் அவன் கடை. அப்புறம் ஷட்டரைத் திறந்து வைத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். இது அவருக்குத் தெரியும். தனக்கும் ஒரு காலத்தில் வண்டிகள் அப்படித்தான் வந்தன.

“என்னண்ணே, ஓய்வெடுக்கிறீங்களா?” என்றார் பஞ்சர் கடைக்காரர். “கொடுத்து வெச்சவர். எங்களுக்கெல்லாம் எந்த அரசாங்கமும் லீவு தர மாட்டேங்குது.”

“உன் கடையிலயும் காத்துப் போறப்போ புஸ்ஸுன்னு சத்தம் வருதே. ஒரு மனு எழுதிப் போடட்டுமா?”

“ஐயோ வேணாம்ணே. நான் வாயைத் திறக்கலை.”

ஏழாவது செவ்வாய்க்கிழமை வண்டியின் சத்தத்தை அளப்பதாக இருந்தது. அளக்கும் கருவியை வாரியம் இரட்டைக் கதவு போட்ட, பஞ்சு வைத்துத் தைத்த அறையில் வைத்திருந்தது. டாக்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். முள் அசையாமல் நின்றது.

“எடுத்துட்டு வந்து அளங்க,” என்று அவர் காற்றில் சொன்னார்.

கருவியின் பாதுகாவலர் அதிர்ந்துபோனார். “சத்தத்துக்கிட்ட கொண்டு போனா கெட்டுப்போயிரும் சார். ரொம்ப நுட்பமான கருவி. எட்டு வருஷமா ஒரே அளவு காட்டுது. வெளிய எடுத்திருந்தா காட்டுமா?”

ஆகவே செவிக் குழு கூடியது. மூன்று உறுப்பினர்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பணியாளர் நலன் விதிப்படி, பேரொலிக்கு அருகில் பணிபுரிவோர் காதில் பஞ்சு வைத்து, அதன்மேல் தடித்த காதுறை போட வேண்டும். போட்டுக்கொண்டார்கள். டாக்டர் வண்டியைக் கிளப்பி மிதித்தார். இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. ‘அமைதி’ பலகை ஒன்று ஆணியோடு கழன்று விழுந்தது. உறுப்பினர்கள் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ஐந்து நிமிடம் முழு மனதோடு கேட்டார்கள். பிறகு மூவரும் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது: ‘ஒலி எதுவும் செவிக்கு எட்டவில்லை.’

சைலன்சர்காரருக்கு அன்றுதான் முதல்முறையாகக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. “அப்ப குற்றம் இல்லைன்னு ஆச்சு. கடையைத் திறந்துக்கலாமா?”

“குற்றம் இல்லைன்னு சொல்லலையே,” என்றார் ஆய்வாளர், அவர் வலது காதருகே குனிந்து. “இன்னும் கேக்கலைன்னுதான் சொல்லியிருக்கு. கேக்கிற வரைக்கும் விசாரணை நடக்கும். கேட்டிருந்தா அபராதம் கட்டிட்டு இன்னிக்கே போயிருக்கலாம். உங்க துரதிர்ஷ்டம்.”

“சார், பத்து நிமிஷம் கொடுங்க. கிளையை அறுத்து எறிஞ்சுட்டு நேர்க்குழாய் வெச்சு வெல்டு அடிச்சுடறேன். சத்தமும் போச்சு, சள்ளையும் போச்சு.”

“தாராளமா. விதி ஒன்பதுல அதுக்கு இடம் இருக்கு. எவர் நிறுவினாரோ அவரே, எங்கே நிறுவினாரோ அங்கேயே, எந்தக் கருவியால் நிறுவினாரோ அதனாலேயே அகற்ற வேண்டும்.”

“அந்த இடம் உங்க முத்திரைக்கு உள்ள இருக்கு. கருவியும் உள்ள இருக்கு.”

“முத்திரை எப்ப எடுப்போம்? அகற்றினதும் எடுப்போம்,” என்றார் ஆய்வாளர். குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகத்தான் சொன்னார்.

“சரி, அறுக்க வேணாம். கிளை வாயில ஒரு தகடு வெச்சு மூணு போல்ட் போட்டுடறேன். உங்க முத்திரையைத் தொடவே மாட்டேன்.”

“அது சத்தத்தை ஒளிச்சு வைக்கிறது. அதுக்குத் தண்டனை ஜாஸ்தி.”

எட்டாவது வாரம் இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைத்தது. வாரியத்தில் குரலெழுப்பிப் பேச உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். அந்த உரிமை வீணாகக் கூடாது என்று மேசையில் ஒலிபெருக்கி வைத்திருந்தார். எதிரே இருந்தது இரண்டே பேர். சைலன்சர்காரருக்கு வாரியக் கட்டிடத்துக்குள் முதல் தடவையாக ஒருவர் பேசுவது முழுக்கக் காதில் விழுந்தது. அதற்காகவே அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

“நான் வந்தப்போ இந்த வாரியத்துக்கு ரெண்டே அறை,” என்றார் இயக்குநர். அறை அதிர்ந்தது. “இன்னிக்கு நூத்திப் பதினாலு அறை. எப்படி வந்தது? சத்தம் வளர்ந்தது, நாங்களும் வளர்ந்தோம். சத்தத்தை நாங்க எதிரியா பாக்கிறதில்லை. குடும்பத்துல ஒருத்தரா பாக்கிறோம். உங்க வண்டி மாதிரி நாலு வண்டி இருந்தா இன்னொரு மாடி கட்டிடலாம். நீங்க என்னடான்னா அதைச் சீக்கிரம் நிறுத்தணும்னு அவசரப்படுறீங்க. ஒரு விசாரணை நல்லா நடந்துக்கிட்டிருக்கும்போது நடுவுல பிரச்சினையைத் தீர்த்துட்டா, விசாரிக்கிறவங்க மனசு என்ன பாடுபடும்? யோசிச்சுப் பாத்தீங்களா?”

“எனக்குக் கடை போகுது சார்,” என்றார் சைலன்சர்காரர். “வர்ற வண்டியெல்லாம் வேற பக்கம் திரும்பிடுச்சு. இன்னும் ஒரு மாசம் போனா நீங்க திறந்துவிட்டாலும் உள்ள நான் மட்டும்தான் உக்காந்திருப்பேன்.”

“நல்லதுதானே. அமைதியா இருக்கும்,” என்றார் இயக்குநர்.

திரும்பி வரும்போது மெதுவம்மா இருவரையும் மாடிப்படியில் மறித்தார். அங்கே ஜெனரேட்டர் சத்தம் பலமாக இருந்ததால் குரலில் பேசினால் பிடிபடாது. அந்த அம்மாவுக்கு நல்ல கனமான, மீன் கூவி விற்கிற மாதிரியான குரல் இருந்ததைக் கண்டு டாக்டர் ஒரு படி கீழே இறங்கிவிட்டார்.

“இவங்க வாயைப் பாத்துக்கிட்டு இருந்தா உங்களுக்குப் பென்ஷன் வயசு வந்துடும். நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. கடைக்கு ஏன் முத்திரை? நீங்க செஞ்சதா நீங்களே சொன்னதால. நான் செய்யலைன்னு ஒரு மறுப்புப் படிவம் இருக்கு. மூணே வரி. கையெழுத்துப் போட்டா உங்க பேர் கழண்டுடும், மறுநாள் கடை திறந்துடும்.”

படிவத்தைக் கையில் கொடுத்தார். டாக்டர் அதை அவர் வலது காதில் படித்துக் காட்டினார். ஒன்று, மேற்படி வேலை என்னுடையதல்ல. இரண்டு, அது யாருடையது என்று நான் அறியேன். மூன்று, அத்தகைய வேலையைச் செய்யும் திறன் எனக்கு இல்லை.

சைலன்சர்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“முதல் ரெண்டு வரி பொய். பொய்தானே, போட்டுடலாம். மூணாவதை அடிச்சுட்டுப் போடட்டுமா?”

“அடிச்சா செல்லாது. திறமை இருக்கிற ஆள் செய்யலைன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. தெரியாதுன்னு சொன்னாதான் நம்புவாங்க,” என்றார் மெதுவம்மா. “எனக்குந்தான் குரல் இல்லைன்னு எழுதிக் கொடுத்து இந்த வேலைக்கு வந்தேன். என்ன கொறஞ்சு போச்சு?”

அவர் உள்ளே போய்விட்டார். சைலன்சர்காரர் டாக்டரைப் பார்த்தார். “நான் இல்லைன்னு ஆயிட்டா உங்க வண்டியை யார் கழட்டுறது? நிறுவினவன்தான் கழட்டணுமாமே.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த இரண்டு மாதத்தில் அவரும் இளைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிப் பக்கமே போவதில்லை. சத்தம் என்றாலே தலைவலி.

“போடுங்க,” என்றார். “எனக்கு ஊர்ப் பல்லெல்லாம் இருக்கு. உங்களுக்கு அந்த ஷட்டர் ஒண்ணுதான்.”

சைலன்சர்காரர் அன்று கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி படித்துப் பார்த்தாள். மூன்றாவது வரியில் கொஞ்ச நேரம் நின்றாள்.

“இந்தக் கையை நம்பித்தான் இந்த வீட்டுல எல்லாம் நடந்தது,” என்றாள். பிறகு, “பேனா அலமாரியில இருக்கு,” என்றாள்.

உத்தரவு ஒன்பதாவது செவ்வாய்க்கிழமை வந்தது. மேற்படி வேலையைச் செய்யும் திறனற்றவர் என்பது ஐயத்துக்கிடமின்றித் தெரியவருவதால் சைலன்சர்காரர் விடுவிக்கப்படுகிறார். கடை முத்திரை நீக்கப்படுகிறது. கட்-அவுட்டை நிறுவியவர் அறியப்படாத நபர். அந்நபரே அதை அகற்ற வேண்டும் என்பதால், அவர் கிடைக்கும்வரை வாகனம் கண்ட நிலையில் காக்கப்பட்டு, செவ்வாய்தோறும் ஆஜர்படுத்தப்படும். அந்நபரைத் தேடத் தனிப் பிரிவு ஒன்று நான்கு அறைகளுடன் அமைக்கப்படுகிறது.

ஷட்டரைத் தூக்கி உள்ளே போனார். இரண்டு நாள் பெருக்கித் துடைத்தார். முதல் வாரம் பஞ்சர் கடைக்காரர் பரிதாபப்பட்டு அனுப்பிய ஒரு மினி லாரி வந்தது. அப்புறம் ஒரு வாடகைக் கார். பால் வேன் வாசலோடு சீறிக்கொண்டே போய்விட்டது. அடுத்த வாரமும் போனது. மூன்றாம் வாரம் ஒரு காலை, போன வேன் பின்னோக்கி வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, திறந்திருக்கீங்களா? சொல்லவே இல்லை. அங்க வெச்ச வெல்டு மாசத்துக்கு மூணு தடவை விட்டுப்போகுது.”

“கேட்டேன்,” என்றார் சைலன்சர்காரர். “மேட்டுல சீறுது. ஓரமா விடு.”

ஜாக்கியை வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தபோது வாரியத்தின் பெரிய கறுப்பு கார் ஒன்று வந்து நின்றது. சைலன்சர் பாதியில் முறிந்து, கயிற்றில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. சாலையில் அது உரசிக்கொண்டு வந்த சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். முன்சீட்டிலிருந்து ஆய்வாளர் இறங்கினார். முதல் தடவையாக அவர் வருவது எல்லோருக்கும் தெரிந்தது.

“இயக்குநர் வண்டி. நாலு இடத்துல வெச்சாச்சு, நிக்க மாட்டேங்குது,” என்றார். “அவரு உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னாரு. அந்தப் பல் டாக்டர் வண்டியில இருக்கே, சுத்திவர ஒரே இழுப்பா, ஊசி நுழையாம. அப்படியே வேணுமாம்.”

சைலன்சர்காரர் கையைத் துணியில் துடைத்தார். “அது நான் செஞ்சதில்லையே சார்.”

“அது ஃபைல்ல. நான் உங்க கையைக் கேக்கிறேன்.”

“கையும் ஃபைல்லதான் இருக்கு. மூணாவது வரி. இப்ப நான் இதை அதே மாதிரி செஞ்சு கொடுத்தா, அது யார் செஞ்சதுன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. அப்புறம் மறுபடி ஷட்டருக்குக் கம்பி. வேணாம் சார்.”

ஆய்வாளர் யோசித்தார். அதில் தப்பு எதுவும் இருந்ததாக அவருக்குத் தெரியவில்லை. “இப்படியே ஓட்டிட்டுப் போனா எங்க வண்டிக்கே நோட்டீஸ் எழுதணும்.”

“யார் எழுதணும்?”

“நான்தான்.”

பால் வேன் டிரைவர் மணி பார்த்தார். சைலன்சர்காரர் முகமூடியைத் தலையில் மாட்டிக்கொண்டு, வேனுக்கு அடியில் முதுகைச் சாய்த்தார். பாதி உள்ளே போனவர், தலையை மட்டும் நீட்டினார்.

“சார், நாலு அறை போட்டு ஒருத்தனைத் தேடிக்கிட்டிருக்கீங்களே. அவன் கிடைச்சா அவன்கிட்டயே கொடுங்க. நல்லா செய்வான்.”